புது அரிசி வேண்டாம்

கொரோனாவால் வீட்டிலேயே முடங்கியிருப்பவர்களுக்கு, வலங்கைமான் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் சமைத்துப் பொட்டலம் கட்டுகிறோம்.

இன்று காலை பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் மொபெட்டில் அரிசி மூட்டையோடு வந்து இறங்கினார். சமையலைப் பார்த்துக்கொள்ளும் செல்வி அக்கா மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"புது அரிசியா பெரியப்பா?"

"ஆமாம்மா, இப்பதான் அறுத்து அரைச்சது. நம்ம வயல் அரிசி."

"புதுசு குழைஞ்சிடுதுங்க. நேத்து பொட்டலத்தைப் பிரிச்சவங்க களி வந்திருக்குன்னு நெனச்சிருக்காங்க. பல பேர் சாப்பிடாமலே வச்சுட்டாங்க. நீங்க வீட்டுல எந்த அரிசி சாப்பிடுறீங்க?"

அவர் மூட்டையின் வாயைத் திரும்பக் கட்டினார். சாப்பாட்டுக்கென்று பழைய அரிசியை ஒதுக்கி வைக்காத விவசாயி வீடு டெல்டாவில் உண்டா? எங்களுக்கு வருவதெல்லாம் புதுசுதான்.

மூட்டையைத் திரும்ப ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தோம்.

மதியத்துக்குள் பழைய அரிசி மூட்டையோடு வந்து நின்றார்.

"வீட்டுல சொல்லாம எடுத்தாந்துட்டேன். ராத்திரி எனக்கும் ஒரு பொட்டலம் எடுத்து வைங்க."

எடுத்து வைத்திருக்கிறோம்.

மற்றவர்கள் கவனத்துக்கு: உங்கள் வீட்டிலும் பழைய அரிசி இருப்பது எங்களுக்குத் தெரியும்.