படத்தில் எருமை இல்லை

அந்தப் படத்தில் எருமை இல்லை. நால்வரில் யாரும் ஏரியில் விழவில்லை. எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு கரையேறவும் இல்லை. இத்தனை வருடங்களாக அதை ஊரெல்லாம் சொல்லிவந்தவன் நான் என்பதால், இல்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டியவனும் நானே.

ஒரகடத்தில் எங்கள் அடுக்ககத்தில் ஆங்கில ராக் இசைக்கு ஒரு ரசிகர் வட்டம் உண்டு. பாதிப் பேர் வல்லம் வடகால் பக்கம் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டுக்குப் போகும் இளைஞர்கள். மற்றவர்கள் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். நெற்றியில் முடி விழுந்த அந்த நான்கு பாட்டுக்காரர்கள் தாங்களே நடித்த பழைய படத்துக்கு ஒரு நினைவு மலர் போடுவதென்று முடிவாயிற்று. படம் வந்த காலத்திலேயே சென்னையில் தியேட்டரில் பார்த்தவன் என்று எனக்கு இங்கே தனி மரியாதை. போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து பெரிய திரையில் அதைப் போட்டுப் பார்த்தோம். எருமை வரும், இதோ வரும் என்று நானும் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன்.

விளக்கைப் போட்டதும் மலருக்குப் பொறுப்பான பையன் என் அருகே வந்து தயங்கினான். “சார், தப்பா எட்த்துக்காதீங்க. எருமை வரவே இல்லயே சார்?”

“கட் பண்ணிட்டிருப்பாங்கப்பா,” என்றார் பக்கத்து பிளாக்கில் இருக்கும் பழைய சூப்பர்வைசர். “நான் மெட்ராஸ்ல பாத்தப்ப இருந்துச்சு. நல்லா வளைஞ்ச கொம்பு.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவருக்கு அந்த எருமையைக் கொடுத்ததே நான்தான். கொம்பு மட்டும் அவருடையது. இன்னும் இரண்டு பேர் ஏரியையும் பார்த்ததாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். இப்படியே விட்டால் மலரில் ஒரு மந்தையே வந்துவிடும். அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். அப்பா ஸ்ரீபெரும்புதூரில் அரசாங்கக் குமாஸ்தா. அம்மாவின் தம்பி, என் மாமா, சேரப்பணஞ்சேரியிலிருந்து வந்து எங்களோடு தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தார். எங்கே தேடினார் என்பது அப்பாவுக்கு விளங்காத ரகசியம். மாமாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் அந்த நால்வரின் பாட்டு என்றால் உயிர். எதிர்வீட்டு ரேடியோவில் வாரம் ஒருமுறை இலங்கையிலிருந்து ஆங்கிலப் பாட்டு வரும். மாமா சைக்கிளை அந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே நிறுத்தி, குனிந்து டயருக்குக் காற்றடிப்பதுபோல நின்று கேட்பார். “இப்டியே அட்ச்சிகினு இருந்தா ஒரு நாள் டயர் வெடிக்கப் போவுது,” என்பார் அப்பா. பாட்டு பாதியில் கரகரத்து அமுங்கிவிடும். இல்லையென்றால் எதிர்வீட்டு அம்மாள் வந்து ரேடியோவை அணைத்துவிடுவார். அந்த நால்வரின் ஒரு பாட்டைக்கூட மாமா முழுதாகக் கேட்டதில்லை.

படம் சென்னைக்கு வந்தபோது அப்பாவிடம் கேட்கும் துணிச்சல் அவருக்கு இல்லை. அந்த வாரம் பார்த்து, கரும்பலகை எனக்குத் தெரியவில்லை என்று வாத்தியார் சொல்லி அனுப்பினார். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கண் ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மாமா எழுந்து நின்ற வேகத்தில் அம்மாவுக்கே சந்தேகம் வந்தது. அன்று வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை தியேட்டர்களில் படம் மாறிவிடும்.

ஆஸ்பத்திரியில் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். எரிந்தது. கொஞ்ச நேரத்தில் உலகம் கரைந்துபோயிற்று. நாளைவரை இப்படித்தான் மங்கலாக இருக்கும், வெயிலில் அலையவிடாதீர்கள் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் மாமா என் தோளில் கை போட்டார்.

“வெயில்ல போவக் கூடாதுன்னாரு இல்ல? இருட்டா ஒரு எடத்துல போய் குந்தலாம். கண்ணுக்கு நல்லது. அப்பாகிட்ட மட்டும் சொல்லாத, இன்னா?”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

தியேட்டரில் எனக்குத் திரை தெரியவில்லை. வெளுத்த வேட்டியைக் காற்றில் காயப்போட்டதுபோல ஏதோ வெள்ளையாக அசைந்தது. சுற்றிலும் காலேஜ் பையன்கள் விசில் அடித்தார்கள். மாமா இருக்கையின் நுனிக்கு வந்து முன்னால் சாய்ந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“இன்னா மாமா நடக்குது?”

“நாலு பேரு ஓடுறாங்க.”

“எதுக்கு?”

“பொண்ணுங்க தொரத்துது.”

“அதான், எதுக்கு?”

“தெரிலடா. பாட்டு வருது பாரு, கேளு.”

“எனக்குக் கத சொல்லு. சொல்லலன்னா அப்பாகிட்ட சொல்லிடுவேன்.”

இதைப் பயத்தில் சொன்னேன் என்று எழுத ஆசைதான். பயம் ஒன்றும் இல்லை. அப்பா என்று சொன்னால் மாமா திரையிலிருந்து என் பக்கம் திரும்புகிறார் என்பதைக் கண்டுகொண்டேன், அவ்வளவுதான். ஒவ்வொரு பாட்டு ஆரம்பிக்கும்போதும் அவர் முன்னால் சாய்வார். ஒவ்வொரு தடவையும் நான் இழுத்தேன்.

மாமா பெருமூச்சு விட்டார். “அந்தப் பொண்ணுங்களோட எருமைய இவனுங்க ஓட்டிகினு வந்துட்டானுங்க. போதுமா?”

போதவில்லை. எருமை இப்போது எங்கே, அதற்குப் பசிக்காதா, கன்று இருக்கிறதா என்றெல்லாம் கேட்டேன். எருமை ஏரியில் இறங்கிவிட்டது என்றார். எந்த ஏரி என்றேன். “செம்பரம்பாக்கம்தான், வேற எது?” நால்வரில் ஒருவன் அதைப் பிடிக்கப் போய்த் தண்ணீரில் விழுந்தான். வால் கிடைத்தது. முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பினார்.

“யோவ், பாட்டு கேக்க வந்தோமா, ஒன் எருமை கதைய கேக்க வந்தோமா?”

மாமா அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதன்பிறகு என் காதோடு வாயை வைத்து மெதுவாகச் சொன்னார். அப்படிக் குனிந்து பேசிக்கொண்டிருப்பவருக்குப் பாட்டு எங்கே கேட்கும்?

கடைசிப் பாட்டுக்குத் தியேட்டரே எழுந்து ஆடியது. மாமாவும் எழுந்தார். அவர் வேட்டி நுனியைப் பிடித்து உட்காரவைத்தேன்.

“எருமை வூட்டுக்குத் திரும்பி வந்துச்சா, இல்லயா?”

உட்கார்ந்து சொன்னார். வந்தது, பால் கறந்தார்கள், எல்லோரும் குடித்தார்கள். சொல்லி முடிப்பதற்குள் விளக்கு எரிந்துவிட்டது.

சொல்லிச் சொல்லி அந்தக் கதையை என் கண்ணாலேயே பார்த்ததாக ஆக்கிக்கொண்டேன். போன ஞாயிறுதான் தெரிந்தது, அந்தப் படத்தில் கதை என்று பெரிதாக ஒன்றுமே இல்லை. பாட்டுதான் படம். பாட்டெல்லாம் கைப்பேசியில் வந்துவிட்ட இந்தக் காலம்வரை மாமா இருக்கவில்லை. வேலை கிடைத்து வடக்கே போனவர், சின்ன வயதிலேயே போய்விட்டார்.

அன்று திரும்பி வரும் பஸ்ஸில் பூந்தமல்லி தாண்டியதும் மாமா என்னைத் தன் பக்கமாகத் திருப்பினார். கோபம் இல்லை.

“ஒனக்குக் கண்ணுதான் தெரில. காது நல்லா கேட்டுச்சில்ல?”

“கேட்டுச்சு.”

“கடசி பாட்டு எப்டி இருந்துச்சு? கொஞ்சம் பாடிக் காட்டேன்.”

என் காதில் எருமையைத் தவிர வேறு எதுவும் விழுந்திருக்கவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்து இறைவணக்கப் பாட்டை வேகமாக்கி, நடுநடுவே “யே, யே” என்று சேர்த்து, கைதட்டிப் பாடினேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“இப்டியா இருந்துச்சு?”

“ஆமா மாமா.”

“இன்னொரு தபா பாடு.”

பாடினேன். இந்தத் தடவை அவரும் கூடவே முனகினார். தப்பாக வந்த இடத்தில் நிறுத்தி, என்னிடம் கேட்டுத் திருத்திக்கொண்டார். ஸ்ரீபெரும்புதூரில் இறங்கும்வரை அதையே முனகிக்கொண்டு வந்தார். என் பாட்டு அத்தனை நன்றாக இருக்கிறதாக்கும் என்று எனக்கு ஒரே பெருமை.