வெள்ளைக் கோழியின் குடலில் தேடிய விஷம்

மற்ற டாக்டர்களிடம் நோயாளி நடந்து வருவார், எங்களிடம் சாக்கில் வருவார். கோழி என்றால் பெரும்பாலும் செத்த பிறகுதான் வைத்தியத்துக்கே கொண்டுவருவார்கள். அரசாங்க உத்தியோகத்தில் தெரியாத ஊருக்குத் தூக்கிப் போடப்பட்டு, அங்கே யாருக்கு யாரோடு ஆகாது என்பதுகூடப் புரியாமல் முழித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், இதைப் படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

என்னைப் போட்டது திருப்பனந்தாள் பக்கத்து ஊர் ஒன்றின் மாட்டாஸ்பத்திரியில். குடியிருக்கும் மனை கூலியாட்களுக்கே சொந்தம் என்று சட்டம் வந்த புதிது. அறுவடைக்கு அறுவடை, ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த பண்ணைக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் கூலித் தகராறு. எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

மேசைமேல் கொட்டிய சாக்கு

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் ஒரு கூட்டம் உள்ளே நுழைந்து என் மேசைமேல் சாக்கைக் கவிழ்த்தது. எல்லாம் வெள்ளைக் கோழிகள். வயல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசாங்கம் கொடுத்தவை, இன்னும் முட்டையிடக்கூட ஆரம்பிக்கவில்லை. முன்னால் நின்றவர் சங்கத்தின் செயலாளர் தங்கராசு. கோழிகள் அவர் மனைவி கமலம் வளர்த்தவை. கமலம் மட்டும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

தங்கராசு விஷயத்தைச் சொன்னார். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடக்கிறது. பண்ணையோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக்கூடாது என்று கட்டுப்பாடு. பண்ணை மில்லிலிருந்து ஒரு கூடை உமிகூட எடுக்கக்கூடாது. அப்படி இருக்கும்போது, பண்ணையின் கணக்கு வழக்கைப் பார்க்கும் காரியக்காரர் சோமசுந்தரம் இருட்டுகிற நேரத்தில் கமலத்தின் கோழிக்கூண்டருகே நின்றதை ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். விடிந்தால் கோழிகள் ரத்தமாகக் கழிந்து செத்துக் கிடக்கின்றன. பூச்சி மருந்தைக் கலந்திருக்கிறார் என்பது அவர்கள் முடிவு. சரி, போலீசில் சொல்லுங்கள் என்றேன். தங்கராசு குரலைக்கூட உயர்த்தாமல் பதில் சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஆளைக் களத்துல கட்டி உக்கார வச்சிருக்கோம் டாக்டரம்மா. நீங்க விஷம்னு மட்டும் எழுதிக் குடுங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

கம்பி வலையில் வளர்ந்தவை

அங்கேயே ஒன்றை அறுத்தேன். கோழிக்கு இருக்கும் இரண்டு குருட்டுக்குடலும் ரத்தம் கட்டி உப்பியிருந்தன. இது விஷமில்லை, ரத்தக் கழிச்சல், குடலில் பெருகும் ஒட்டுண்ணியின் வேலை என்றேன். கூண்டுத் தரையில் மழையில் நனைந்த உமியில் கிடந்த எச்சத்தைக் கிளறித் தின்றதில் வந்திருக்கிறது. கட்டுப்பாட்டினால் கமலம் அதை மாற்றிக் காய்ந்த உமி வாங்கிப் போடவில்லை. அதைச் சொன்னதும் கூட்டத்தின் முகம் மாறியது. பண்ணைக்குப் பரிந்து பேசுகிறேனாம்.

தங்கராசு மடக்கினார். அதே முற்றத்தில் நாட்டுக்கோழிகள் கொழுக்கொழுவென்று மேய்கின்றனவே, அவற்றுக்கு ஏன் வரவில்லை? நியாயமான கேள்விதான். நாட்டுக்கோழி குஞ்சாக இருக்கும்போதிருந்தே மண்ணோடு கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஒட்டுண்ணியைத் தின்று வளர்கிறது. முதல் தடவை அது எதிரி என்று கண்டுகொள்ள வெள்ளணுக்களுக்கு நாளாகும். தப்பிப் பிழைத்த கோழியில், அதை அடையாளம் தெரிந்த வெள்ளணுக்கள் குடல் சுவரிலேயே தங்கிவிடும். மறுபடி வந்தால் காத்திருக்காமல், ஒட்டுண்ணி புகுந்த செல்லையே கொன்றுவிடும். அரசாங்கக் கோழிகளோ கம்பி வலைமேல் மண்ணே படாமல் வளர்ந்தவை. இங்கே வந்ததும் ஒரேயடியாக வயிறு நிறையத் தின்றுவிட்டன. இதையெல்லாம் என்னால் முடிந்தவரை சொன்னேன். தங்கராசு கடைசிவரை கேட்டார்.

"அப்ப சர்க்கார் கோழிக்கு எதிரி யாருன்னே தெரியாதுங்கறீங்க. அதே பூச்சி நாட்டுக்கோழி வயித்துலயும் இருக்குன்னு களத்துல வச்சுக் காட்டுங்க, அவுத்து வுடறோம்."

களத்துக்குப் போன மைக்ராஸ்கோப்

செத்த கோழியின் குடலைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தேன், ஒட்டுண்ணி மொய்த்தது. அந்தத் தகட்டோடு, சைக்கிள் கேரியரில் மைக்ராஸ்கோப்பைத் துண்டால் சுற்றிக் கட்டிக்கொண்டு களத்துக்குப் போனேன். சோமசுந்தரம் கம்பத்தோடு கட்டப்பட்டிருந்தார். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து மூக்கில் வழிந்திருந்தது. கூண்டுப் பக்கம் எதற்குப் போனீர்கள் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். யார் கேட்டும் வாய் திறக்கவில்லை. அதுவே ஒப்புதல்தான் என்று நாலு பேர் கம்பை ஓங்கினார்கள்.

உங்களிடம் மறைப்பானேன், எனக்கே நிச்சயமில்லை. நன்றாக எதிர்ப்புச் சக்தி வந்த கோழியின் உடம்பு ஒட்டுண்ணியை அடியோடு துடைத்தும் விட்டிருக்கலாம். அப்படியானால் காட்ட ஒன்றும் இருக்காது, கம்பு இறங்கிவிடும். கோழிக்கு யாரைக் கேட்பது என்று யோசிப்பதற்குள் கமலம் தன் வீட்டில் முட்டையிடும் நாட்டுக்கோழியைக் கொண்டுவந்து, அவளே கழுத்தைத் திருகி என் காலடியில் வைத்தாள். வயிற்றில் ஓடு கட்டிய முட்டை ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் சோமசுந்தரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சைவக்காரர், அருவருப்பு என்று நினைத்தேன்.

குடல் சுவரில் ஒரு கீறல் இல்லை, துளி ரத்தம் இல்லை. ஆனால் சுரண்டி வைத்த முதல் தகட்டில் ஒட்டுண்ணியும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கும் அடுத்ததில்தான், வெயிலைப் பிடித்து மைக்ராஸ்கோப்பின் அடிக்கண்ணாடியைத் திருப்பியபோது, செத்த கோழியில் பார்த்த அதே முட்டை வடிவ ஒட்டுண்ணிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தன. தங்கராசு இரண்டு தகட்டையும் மாற்றி மாற்றி வெகுநேரம் பார்த்தார். பிறகு அவரே போய்க் கட்டை அவிழ்த்தார்.

"பூச்சி உங்களக் காப்பாத்திடுச்சு. ஆனா எங்க தெருவுக்கு ஏன் வந்தீங்கன்னு என்னைக்காச்சும் சொல்லித்தான் ஆவணும்."

மேலிடத்து அதிர்ச்சி

இனிமேல் குஞ்சுகளைக் கொடுக்குமுன் கொஞ்ச காலமாவது உமித் தரையில் விட்டு, மண்ணைச் சிறிது சிறிதாகப் பழக்கி அனுப்பலாம் என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டேன். ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து இறங்கினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கோழியைச் சுத்தமா வளக்கறது தப்புன்னு எழுதின முதல் ஆள் நீங்கதாம்மா."

மாடில்லாமல் வந்தவர்

வேலைநிறுத்தம் முடிந்து நடவும் ஆன பிறகு ஒரு நாள் சோமசுந்தரம் வந்தார். மாடும் இல்லை, ஆடும் இல்லை. கூட்டம் கலையும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, மேசையருகே வந்து தணிந்த குரலில், அந்தப் பூச்சி முட்டை வழியாக மனிதருக்கு வருமா என்று கேட்டார். வராது, அது கோழிக்கு மட்டும்தான் என்றேன். அப்படியொரு நிம்மதி அவர் முகத்தில். எனக்கு மண்டையில் உறைக்கச் சற்று நேரமாயிற்று. மனிதர் அந்தி நேரத்தில் முட்டை வாங்கப் போயிருக்கிறார்! உயிரே போக இருந்ததே, சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா என்று கத்தினேன்.

"அடி வாங்கினா ஆறிடும்மா. சைவப் பண்ணையில முட்டை தின்னவன்னு பேரு வந்தா, நான் திண்ணையத் தாண்டி உள்ள போக முடியுமா?"

விற்றது யாரென்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம், கூண்டு கமலத்தினுடையது. புதுக் குஞ்சுகளைக் காட்ட அவள் வந்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. எல்லாம் தெரிந்துகொண்டே வாசலில் கல்லாக நின்றாயே, ஒரு மனிதனைக் கொல்ல விட்டிருப்பாயா என்று கேட்டேன். அவள் குஞ்சுகளைக் கூடைக்குள் அமர்த்திவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"கட்டுப்பாட்ட மீறுனது செயலாளர் பொண்டாட்டின்னு தெரிஞ்சா அவரு சங்கத்துல தலை காட்ட முடியாது. வாயத் தொறக்காட்டி காரியக்காரரு உசுரு போயிடும். அதான், எனக்குப் பதிலா பேசட்டும்னு, காரியக்காரருக்கு முட்டை போட்ட கோழியையே உங்ககிட்ட குடுத்தேன்."

அறுத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும் என்று காலேஜில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், அது கோழிக்கு மட்டும்தான் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.