ரோமாபுரிக் கிண்ணத்துக்கு ஒரு முத்தி

அம்மாவுக்குப் பல்வலி என்று சொல்லித்தான் அன்று என்னைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு பல்வலிக்கு அப்பா லீவு போடுவாரா, விழுப்புரத்திலிருந்து சித்தி ஓடி வருவாளா என்று கேட்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை. அம்மாவின் மார்பில் இருந்த கட்டிக்கு அன்று ரிசல்ட் சொல்கிற நாள். என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரி வாசலில் அப்பா சித்தியிடம், "இவள எங்கனா இட்டுக்கினு போம்மா, நான் போன் பண்றேன்" என்றார். வெயிலுக்கு ஒதுங்கி நாங்கள் நுழைந்த இடம் மியூசியம். போன வேகத்தில் என் வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிறவளைப் பார்த்துவிட்டேன். தன் அப்பா அம்மாவோடு இங்கிலீஷில் பேசிக்கொண்டு நின்றாள். நானும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

நடு ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கிண்ணம். வெளிர்ப் பச்சை, பூசணிக்காய் மாதிரி வரிவரியாக மேடு, மேலே ஒரு சின்ன விளக்கு. கீழே இருந்த அட்டையைச் சித்தி எழுத்துக்கூட்டிப் படித்தாள். ரோமாபுரிக் கண்ணாடிக் கிண்ணம், இரண்டாயிரம் ஆண்டுகள் பழமையானது.

"ஏசுசாமி காலத்துதுடி!" என்றாள்.

எங்கள் மாதா கோயில் திருவிழாவில் புனிதரின் எலும்புத் துண்டை இப்படித்தான் கண்ணாடிப் பேழையில் வைத்து, விளக்குப் போட்டு, வரிசையில் நின்று முத்தி செய்வோம், அதாவது முத்தம் கொடுப்போம். அந்தப் பழக்கம். சித்தி செருப்பைக் கழற்றினாள். முந்தானையால் முக்காடு போட்டுக்கொண்டு முழங்கால் போட்டாள். பெட்டியைத் தொட்டு விரலை முத்தி செய்தாள். பின்னால் வந்த இரண்டு பெண்கள், எதற்கும் இருக்கட்டும் என்று அவர்களும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

வாட்ச்மேன் ஓடி வந்தார். "தொடாதம்மா! சாமி இல்ல அது, சோறு துன்ன பாத்திரம்!"

"யார் துன்னதுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?" என்ற சித்தி என் பக்கம் திரும்பினாள். "வாடி, நீயும் தொடு. அம்மாவுக்காக வேண்டிக்கோ."

முதல் ரேங்க்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பல்வலிக்கு இந்த ஆர்ப்பாட்டமா? கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

அதற்குள் போன் அடித்தது. "சொல்லுங்க மாமா" என்று கேட்டுக்கொண்ட சித்தி போனை வைத்தாள். செருப்பை மாட்டும்போது அழுதாள். வாட்ச்மேன் திட்டியதுக்கு அழுகிறாள், நல்லா வேணும் என்று நினைத்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் ஒன்றுவிடாமல் போட்டுக்கொடுத்தேன். "எல்லாரும் சிரிச்சாங்கம்மா. மானமே போச்சு."

அம்மா சிரிக்கவில்லை. "நீ தொட்டியாடி?"

"சீ! நான் தொடவே இல்ல."

பெருமையாகத்தான் சொன்னேன். அம்மா என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டாள். திண்டிவனம் வருவதற்குள், கை வேர்க்கிறது என்று நான்தான் பிடுங்கிக்கொண்டேன்.