மாமியோடு பார்த்த ஆட்டம்

என் மனைவிக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். எனக்கு அப்படியில்லை. காற்றாலை உதிரிபாகம் விற்கும் கம்பெனியில் வேலை. மாதத்தில் பாதி நாள் தூத்துக்குடியில் விமானம் ஏறி சென்னை, புனே என்று அலைவேன். அப்படிச் சேர்ந்த விமானப் பாயிண்டுகளையும் ஹோட்டல் பாயிண்டுகளையும் நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. அவள்தான் என் போனை வாங்கி, எது எப்போது காலாவதியாகும் என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

வண்ணார்பேட்டை வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே ஒருநாள் கேட்டாள்: “பாயிண்டெல்லாம் சும்மா கெடந்து அழியுது. துபாய்ல இந்தியா ஆடுது. போவமா?”

திருவனந்தபுரத்திலிருந்து இரண்டு டிக்கெட்டும், அங்கே ஒரு ஹோட்டல் அறையும் பாயிண்டிலேயே கிடைத்தன. ஆட்டத்தின் டிக்கெட்டுக்கு மட்டும்தான் காசு.

அடுத்த மாதம் அவளுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குள் நடந்துதான் போனாள். வீட்டுக்கு மய்யித்தாகத்தான் வந்தாள். எல்லாரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நாற்பதாம் ஃபாத்திஹா முடிந்ததும் விமானக் கம்பெனிக்குப் போன் செய்தேன். பாயிண்டில் எடுத்த டிக்கெட்டில் பெயர் மாற்ற முடியாது, ரத்து செய்தால் பாயிண்ட் திரும்பி வரும் என்றாள் போனை எடுத்த பெண்.

“அவங்க ஏன் வரல சார்? உடம்பு சரியில்லையா?”

“ஆமா” என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மாமி, என் மனைவியைப் பெற்றவர், நான் போனை வைத்ததும் பையச் சொன்னார்: “அந்த எடத்துல நான் வாரேன் மாப்ள. உம்ராவுக்குப் போன பாஸ்போர்ட் இருக்குல்லா.”

மாமியின் தம்பிக்கு இது பிடிக்கவில்லை. “மவள அடக்குன மண்ணு காயல. ஆட்டம் பாக்கப் போவுதியளாக்கும்?”

“ஆட்டம் எனக்கு என்னத்துக்குலே? எம்புள்ள எதைப் பாக்க ஆசப்பட்டான்னு பாக்கப் போறேன். மருமவன் எனக்கு மஹரம்தான். கூடப் போறதுக்கு மார்க்கத்துல தடையில்ல.”

திரும்பி வந்த பாயிண்டிலேயே மாமிக்கு டிக்கெட் எடுத்தேன்.

மாமியும் நானும் அதுவரை நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியதே இல்லை. துபாய் ஹோட்டலில் இரண்டு கட்டில் போட்ட அறை. காலைச் சாப்பாட்டுக்குப் போனபோது தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தார். தின்றேன்.

ஸ்டேடியத்தில் எங்களைச் சுற்றி ஒரே நீலச் சட்டை. மாமி கறுப்புப் புர்காவில், கையில் தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்திருந்தார்.

“நம்மாளு யாரு மாப்ள?”

“மட்டை பிடிச்சிருக்கானே, அவன்தான்.”

“அங்கன கோட்டுக்கிட்ட நிக்கவனும் நம்மாளா?”

“இல்ல மாமி. அவன் பந்து பொறுக்க நிக்கான்.”

அஸர் தொழ இடம் கேட்டுப் போய்விட்டுத் திரும்பினோம். அதற்குள் இரண்டு பேர் அவுட்டாகியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு சிக்ஸர் எங்கள் பக்கமாக வந்து விழுந்தது. எல்லாரும் எழுந்து கத்தினார்கள். உட்கார்ந்திருந்தது நாங்கள் இருவர் மட்டும்தான். முன்னால் நின்றவர்களின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இப்ப அவ இருந்தா என்ன செய்வா?” என்றார் மாமி.

“கத்துவா. வீட்ல டிவி முன்னால இருந்தே அப்படித்தான் கத்துவா.”

“சின்னதுலயும் அப்படித்தான். நான்தான் பொம்பளப்புள்ள கத்தாதேன்னு வாயப் பொத்துவேன்.” மாமி தஸ்பீஹை மடியில் வைத்தார். “நீங்க கத்துங்களேன் மாப்ள.”

வாயைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. “வரல மாமி” என்றேன்.

“சரி, விடுங்க” என்று என் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார்.

இந்தியா ஜெயித்தது. பக்கத்து இருக்கைக்காரர் என்னைக் கட்டிப்பிடித்தார். யாரோ என் கன்னத்தில் மூவர்ணச் சாயம் தீட்டினார்கள். மாமி முக்காட்டு நுனியால் அதைத் துடைத்துவிட்டபோதுதான் அவர் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக அழுதாரோ, தெரியவில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து காரில் மாமியின் ஊரான சேரன்மகாதேவிக்குப் போய் அவரை இறக்கிவிட்டேன். தெருவில் பெண்கள் கூடிவிட்டார்கள். ஆட்டம் எப்படி என்று கேட்டவர்களிடம், “பச்சப்பசேல்னு புல்லு கெடக்கு. நம்ம வயக்காடு மாரி இருக்கு” என்றார் மாமி.

என்னை உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டார். மீன் குழம்பு. உப்பு சரியா இருக்கா என்று கேட்டார்.

“இருக்கு மாமி” என்றேன்.