ஆணியில் முன்பு இருந்தவள்

தொண்ணூறுகளின் நடுவில், நான் ரொறன்ரோவுக்கு வந்த இரண்டாவது கிழமை அது. வெக்ஸ்போர்ட் பகுதியில் கணவர் இருந்த வீட்டை மந்திரிக்கப் பங்குச் சுவாமியார் வருகிறார் என்று, ஊரிலிருந்து கொண்டுவந்த திரு இருதய ஆண்டவர் படத்தைச் சுவரில் மாட்டினேன். ஆணி ஏற்கெனவே அங்கே இருந்தது. படத்தைச் சுற்றிச் சுவர் வெளுத்துத் தெரிந்தது. முன்பு தொங்கியது இதைவிடப் பெரியது.

சுவாமியார் போனபிறகு கணவரைக் கேட்டேன். "இதில என்ன கொழுவியிருந்தது?"

"கலண்டர்," என்றார், சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே.

அவ்வளவு அகலமான கலண்டரை எந்தக் கடைக்காரன் சும்மா கொடுக்கிறான்? கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதமே இங்கே வந்தவர் அவர். என்னைக் கூப்பிட ஸ்பொன்சர் சரிவர ஏழு வருடம் எடுத்தது. ஏழு வருடமும் தனியாகத்தான் இருந்தார் என்று நம்ப நான் என்ன பால்குடியா? அவர் வேலைக்குப் போனதும் வீட்டைக் கிண்டிக் கிளறினேன்.

குளிர்ச் சட்டைகளுக்குப் பின்னால், படுக்கை விரிப்பில் சுற்றி ஒளித்திருந்தார். கண்ணாடிச் சட்டத்துக்குள் கறுப்பு வெள்ளைப் படம். ஆற்றங்கரை மரத்தடியில் பொட்டுத் துணியில்லாமல் ஒருத்தி அமர்ந்திருந்தாள். தூரத்தில் கோட்டை, மலை, மேகம். எல்லாம் மயிரிழைக் கோடுகள். வடிவாகத்தான் இருந்தாள், அதுதான் வயிற்றெரிச்சல். யாரோ வெள்ளைக்காரி தன்னைத்தானே படமாகக் கீறிக் கொடுத்திருக்கிறாள் என்று முடிவுகட்டினேன்.

அடுத்த நாள் அதைக் குப்பைப் பைக்குள் போட்டு, ஆள் யாரென்று விசாரிக்க பஸ் ஏறி நூலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே வேலைசெய்த பெண் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டி அதே படத்தைக் காட்டினாள். நானூறு ஐந்நூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில் செப்புத் தகட்டில் கீறி அச்சடித்ததாம். ஏதோ பழங்கதையில் வரும் ஆற்றுத் தேவதையாம். என் கையில் இருந்தது அதன் மலிவான பிரதி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் தேவதையை ஏன் ஒளிக்கவேண்டும்? பஸ்ஸில் திரும்பும்போது சந்தேகமும் கூடவே வந்தது.

பின்னேரம் அவர் வந்தபோது படத்தை மேசையில் நிறுத்தி வைத்திருந்தேன்.

"இஞ்சாருங்கோ, உவள் ஆர்?"

சாப்பாட்டுப் பெட்டியைக் கீழே வைத்தார். "பழைய சாமான் சந்தையில வாங்கினனான். சுவாமியார் பாத்தா என்ன நினைப்பார் எண்டு கழட்டினனான்."

"சுவாமியாருக்குப் பயந்தோ, எனக்குப் பயந்தோ?"

குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். "உம்மட போட்டோ எல்லாம் நான் இஞ்ச வாற வழியில துலைஞ்சு போச்சு. சண்டைக்குள்ள நீர் அனுப்பினதும் வந்து சேரேல்ல. உந்தப் படத்தில முகம் உம்மைப் போல இருந்தது."

நான் வந்திறங்கிய அன்று விமான நிலையத்தில் அவர் என்னைக் கடந்து இரண்டடி போய்த்தான் திரும்பி வந்தார். வேலைக் களைப்பு என்று நினைத்திருந்தேன். இப்போது எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"இப்ப பாத்துச் சொல்லுங்கோ. நான் உவளைப் போலயோ?"

அவர் முதலில் படத்தைப் பார்த்தார்.