சூசைநாதன் வெட்டிய ஒன்பதாவது புஷ்

சூசைநாதன் போய்விட்டார் என்ற செய்தி எனக்கு முதல் ஷிப்ட் பஸ்ஸுக்குள் வந்தது. முன் சீட்டில் இருந்தவர் திரும்பி, "அண்ணாச்சி, உங்க கூட்டாளி போயிட்டாராமே, மந்தாரக்குப்பத்துல" என்றார். பஸ்ஸில் இருந்த அறுபது பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள் என்று எழுதத்தான் கை போகிறது. யாரும் எழவில்லை. ஒருவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார், அவ்வளவுதான். நான் மைன்ஸ் வாசல் வரை போய், இறங்காமல், அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு நாலு பக்கத்தில் ஒரு மலர் அச்சடிக்கிறோம், நீங்கள்தான் எழுத வேண்டும் என்று சூசையின் மைத்துனர் வந்து கேட்டார். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். ஆனாலும் டவுன்ஷிப்பில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தது இந்தக் கைதான். என் மனு ஒன்றைப் படித்துவிட்டு ஒரு கலெக்டர், இதை எழுதியவரை நான் பார்க்க வேண்டும் என்று ஜீப் அனுப்பினார். சூசை இருந்தால் இந்த இடத்தில் சிரிக்காமல், "பாதி கழிச்சிக்கலாம்" என்பார். ஒருமுறை பன்னிரண்டு அடிப் பாம்பை அடித்தேன் என்று சொன்னபோது, "ஆறடிதானுங்களே?" என்று கேட்டார். நாலடி என்று நானே இறங்கி வந்தேன்.

அவரை அறிந்த உங்களுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. முதலிலேயே சொன்னால் மீதியைப் படிக்காமல் தாளைக் கீழே வைத்துவிடுவீர்கள். அதனால் பின்னால் சொல்கிறேன்.

சுரங்கத்தில் மண்ணையும் நிலக்கரியையும் மைல் கணக்கில் சுமந்து ஓடுகிறதே ரப்பர் பெல்ட், அது கிழிந்தால் வெட்டி ஒட்டுப்போடும் கேங்கில் சூசை காண்ட்ராக்ட் ஆள். நான் பெர்மனென்ட், செக்ஷன் ஜீப் டிரைவர். சூசை ரப்பரில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தே, இது எத்தனை வெயில் கண்டது என்று சொல்வார். வாரம் ஒருநாள் லீவில் மந்தாரக்குப்பத்தில் தன் வாடகை வீட்டை ஒட்டிய கொட்டகையில் வண்டி வேலை பார்ப்பார். அவர் கை பட்ட வண்டி திரும்ப வந்து நின்றதை நான் பார்த்ததில்லை. இதில் நான் எதையும் கூட்டவில்லை.

எழுபதுகளின் நடுவில் காடாம்புலியூர் முந்திரி வியாபாரி தெய்வசிகாமணி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். சுரங்க வேலைக்கு வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கார். இரண்டே சீட்டு, கூரை கிடையாது, உட்கார்ந்தால் தார் ரோட்டைக் கையால் தடவலாம். சென்னைக்குப் பக்கத்தில் பழைய விமானத் தளத்தில் நடக்கும் பந்தயத்தில் அதை ஓட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆனால் வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாயும், பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் கொதிக்கிற உலை மூடி மாதிரி ஆடும். பண்ருட்டி பெட்ரோல் பங்கில் என்னைப் பார்த்தபோது, "இதுக்கு சஸ்பென்ஷன் பண்ற ஆளு எங்கியும் இல்லீங்க" என்று நொந்துகொண்டார்.

"ஆள் இல்லையா? இந்த மாதிரி மூணு வண்டிக்கு நானே பண்ணியிருக்கேன்" என்றேன். அப்படி ஒரு காரை அதற்கு முன் காலண்டரில்தான் பார்த்திருந்தேன்.

என் பேச்சை நம்பி அவர் அனுப்பிய கார் சூசையின் கொட்டகைக்கு வந்து நின்றதும் சூசை அதைச் சுற்றி வந்தார்.

"மூணு வண்டி பண்ணீங்களாமே, அண்ணாச்சி?"

"ஒண்ணரைன்னு வச்சுக்கோயேன்டே."

"அந்த அர வண்டி எப்பிடி ஓடுச்சு?"

பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் காருக்கு அடியில் படுத்தார். பொழுது சாயும்வரை எழவில்லை. என்னைப் பின்பக்கம் ஏறி உட்காரச் சொன்னார், குதிக்கச் சொன்னார், இறங்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கார் எத்தனை முறை ஆடி நிற்கிறது என்று எண்ணிச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டார். கடைசியில் வெளியே வந்து சொன்னதை நான் மறக்கவில்லை. "வண்டி குதிக்கிறது குத்தமில்ல அண்ணாச்சி. குதிச்சிட்டுத் தன் எடத்துக்கு வந்து நிக்காததுதான் குத்தம்."

ஒரு மாதம் அந்த வேலை நடந்தது. பின்பக்க வில்பட்டையில் பழைய ஜீப் பட்டை ஒன்றை அளவாக வெட்டிச் சேர்த்தார். காரோடு வந்த எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பரை எறிந்துவிட்டு, ஜீப்பின் நீளக் குழாய் ஷாக் அப்சார்பரைப் பொருத்தக் கொக்கி அடித்தார். கொக்கி இரண்டு முறை அரை விரல் தள்ளிப்போனது. நான் இரும்பைத் திட்டினேன். "இரும்பைத் திட்டாதீங்க, அளவெடுத்தவனைத் திட்டுங்க" என்று மூன்றாம் முறை அடித்தார். கடைசியில் மாட்டிக்கொண்டது புஷ். இரும்பும் இரும்பும் சேருகிற மூட்டில் வைக்கிற ரப்பர் வளையம்தான் அது, எட்டு வேண்டும். கடலூரில் வாங்கி வந்தது இரண்டே நாளில் பிய்ந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வருவதற்குள் பந்தயம் முடிந்துவிடும்.

சூசை யோசித்துக்கொண்டே இருந்தவர், "பெல்ட்டு ரப்பர் தாங்கும். உள்ள நாலு அடுக்கு துணி வச்சது" என்றார். ஒட்டுப்போடும்போது வெட்டி எறிகிற பெல்ட் துண்டு சுரங்கத்தில் குவியலாகக் கிடக்கும். மந்தாரக்குப்பத்தில் அது மிதியடியாகக் கிடக்காத வீடு கிடையாது. ஆனாலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் மைன்ஸ் வாசலைத் தாண்டக்கூடாது என்பது சட்டம்.

"எழுதிக் குடுத்து சீட்டு வாங்கிக்கினு எடுத்தாரலாம். ஒரு வாரம் ஆவும், ஆவட்டும்" என்றார் சூசை.

"என்னய எவன்டே கேக்கப் போறான்?" என்று மறுநாளே ஜீப் சீட்டுக்கடியில் வைத்து நான்தான் கொண்டுவந்தேன். அவர் பெல்ட் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து வெட்டினார். எட்டுக்கு ஒன்று கூடுதலாக ஒன்பது.

அந்த வருஷம் காண்ட்ராக்ட் ஆட்களில் சிலரைப் பெர்மனென்ட் ஆக்கப் பட்டியல் போயிருந்தது. அதில் சூசை பெயர் இருந்தது. பெர்மனென்ட் ஆனால் டவுன்ஷிப்பில் க்வார்ட்டர்ஸ் வீடு கிடைக்கும். அவர் மனைவி ஆரோக்கியமேரி ஒருநாள் எங்கள் க்வார்ட்டர்ஸுக்கு வந்து, என் மனைவியிடம், "அக்கா, எல்லா க்வார்ட்டர்ஸுலயும் சன்னல் ஒரே அளவுதானுங்களே?" என்று கேட்டு, நூல் பிடித்து அளந்து, முடிச்சுப் போட்டு எடுத்துப்போனார். பச்சைப் பூப்போட்ட திரை இரண்டு தைத்துப் பெட்டியில் வைத்திருந்தார்.

காரை ஓட்டிப் பார்த்த நாள். தெய்வசிகாமணி ஓட்டினார். இருப்பது இரண்டு சீட்டு, மற்றதில் நான் ஏறிக்கொண்டேன். காடாம்புலியூர் வளைவில் நூற்றிருபது மைல் வேகம், என் வேட்டி நுனிகூட அசையவில்லை. சரி, அறுபது. முன்பு முப்பதில் சாய்ந்த அதே வளைவு. கார் தண்டவாளத்தில் போவது போலப் போனது. சூசை ரோட்டோரம் முந்திரி மரத்தடியில் குந்தி, சக்கரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தயத்துக்கும் அந்தச் சீட்டில் நான்தான் போனேன். பிறகு கார் விலையாகிவிட்டது. அதில் சூசை ஒரு பர்லாங்குகூடப் போனதில்லை. நான் இறங்கிக்கொண்டு நீ ஏறுடே என்று சொல்ல எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

பந்தயத்தில் மூன்றாவதாக வந்தோம். மந்தாரக்குப்பம் டீக்கடையில் அதை முதலாவதாக ஆக்கினேன். கடையே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர், "பாகமெல்லாம் பாரின் சாமானுங்களா?" என்று கேட்டார். நான் பெஞ்சில் அறைந்து, "பாரினாவது? நம்ம மைன்ஸ் பெல்ட்டு வே! சூசை தன் கையால வெட்டின ரப்பர் அந்தக் கார்ல ஓடுது!" என்றேன். பின் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த இருவர் மைன்ஸ் வாசல் காவலில் வேலை பார்ப்பவர்கள். எனக்கு அது தெரிந்தே இருந்தது. அவர்களும் கேட்கட்டும் என்றுதான் குரலை உயர்த்தினேன்.

நாலாம் நாள் மைன்ஸ் காவலிலிருந்து கொட்டகைக்கு ஆள் வந்தது. மிச்சமிருந்த பெல்ட் துண்டை எடுத்து வெளியே வைத்தார்கள். எதிர்ப்பக்கம் கையில் டீ கிளாஸோடு நான் நின்றேன். சூசை என்னைப் பார்த்து, வராதீர்கள் என்று லேசாகத் தலையசைத்தார். "நான்தான் எடுத்தாந்தேனுங்க" என்றார். அவ்வளவுதான். காண்ட்ராக்டர், பெர்மனென்ட் பட்டியலில் இருந்த அவர் பெயரை அடித்தார், வேலையிலிருந்தும் நிறுத்தினார். அந்த இடத்துக்கு, அதே கேங்கில் அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்ட கலியன் பெயர் ஏறியது.

அன்று சாயங்காலம் சூசை சொன்னார், "ரெண்டு பேரும் போயி என்ன பண்றது? உங்களுக்கு மூணு பொண்ணுங்க." பிறகு கேட்டார், "யாரு அண்ணாச்சி சொல்லியிருப்பான்?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். "கூட வேலை பாக்கிறவனாத்தான் இருக்கும்" என்றேன். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவும் இல்லை.

பன்னிரண்டு வருஷம் சூசை கலியனோடு பேசவில்லை. கலியன் மகள் கல்யாணப் பத்திரிகை பிரிக்காமல் கொட்டகை ஆணியில் தொங்கியது. நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். க்வார்ட்டர்ஸ் ஜன்னலுக்குத் தைத்த திரைகள் வாடகை வீட்டின் சின்ன ஜன்னலில், கீழே முக்கால் முழம் மடித்துத் தைக்கப்பட்டுத் தொங்கின. அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஜன்னலுக்கு முதுகு காட்டியே உட்காருவேன்.

சூசை படுக்கையில் விழுந்து, கால் வீங்கி, டாக்டர் கையை விரித்த பிறகு ஒருநாள் போனேன். ஆரோக்கியமேரி கஞ்சி வைக்க உள்ளே போனதும் சொல்லிவிட்டேன். "சூசை, டீக்கடையில சொன்னது நான்டே. கலியன் இல்ல. சத்தியமா நான்தான்."

தலையணையில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரிப்பில் இருமல் வந்தது. "அண்ணாச்சி, கலியனோட என்னைச் சேத்து வச்சிட்டு அனுப்பணும்னு கதை கட்றீங்க. நல்ல மனசு. ஆனா பாதிகூடத் தேறாதுங்க இது."

"கதை இல்லடே!" என்று கத்தினேன். கையைப் பிடித்து அழுதேன். என் அழுகையையும் அவர் பாதி கழித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். "பாம்பு நாலடிதானுங்களே?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். என் ஆயுசில் கூட்டாமல் குறைக்காமல் சொன்ன ஒரே விஷயம் அது. அதன் பிறகு அவர் எட்டு நாள் இருந்தார். தினமும் போனேன். மறுபடி சொல்ல வாய் வரவில்லை.

அடக்கத்தன்று கலியன் வந்திருந்தார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே வரவில்லை. ஆரோக்கியமேரி அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கல்லறையில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டோம். கலியன் கை நீட்டவில்லை.

இதை எழுதுமுன் கலியன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "சூசைகிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன், நம்பவில்லை என்றேன். "நானும் பன்னெண்டு வருசமா, நான் இல்லடா, நான் இல்லடான்னு சொல்லிக்கினு இருந்தேன். என்னையும் நம்பல" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பி வரவில்லை.

ஆரோக்கியமேரி அம்மா, பூசை முடிந்து இந்தத் தாளை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். மேலே எழுதிய கலெக்டர் ஜீப்பைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள், அப்படி ஒன்று வரவில்லை. பெல்ட்டைக் கொண்டுவந்தவன் நான். டீக்கடையில் சொன்னவன் நான். கலியன்மேல் சந்தேகத்தை வைத்தவனும் நான். இதில் பாதி கழிக்காதீர்கள். உங்கள் வாசலுக்கு இனி நான் வரமாட்டேன். கலியன் வந்தால் உள்ளே கூப்பிடுங்கள்.

அந்த ஒன்பதாவது புஷ் என்னிடம் இருக்கிறது. வேலை முடிந்த அன்று, "மிதியடிக்குக்கூட ஆவாது, வச்சிக்கோங்க" என்று சூசை தூக்கிப் போட்டது. வெட்டிய விளிம்பில் நாலு அடுக்குத் துணியும் இன்னும் பிரியாமல் இருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. விட்டதும் தன் இடத்துக்கு வந்து நிற்கிறது.