ஜீப்பில் இருந்த பித்தளை பம்ப்

ரேஷனில் அரிசி கிடைக்காமல் கோதுமையும் சோளமும் போட்டார்களே, அந்தப் பஞ்ச காலத்தில்தான் இது நடந்தது. வருஷம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அதுவரைக்கும் மலைச் சாமை என்றால் மூக்கைச் சுளித்த கீழ்நாட்டுக்காரர்கள், அந்த வருஷம் சாக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சாமை தேடிக் கொல்லிமலை ஏறினார்கள். எங்கள் ஊட்டில் கோதுமையை என்ன செய்வது என்று தெரியாமல் முழுசாக வேகவைத்துவிட்டார்கள். தாடை வலித்ததுதான் மிச்சம். சரி, அதை விடுங்கள்.

நான் அப்போது நல்லுசாமி என்பவருடைய ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன். மலை ரோடு இன்னும் முழுசாக முடியவில்லை. லாரி, பஸ் ஏறாது. ஜீப் ஏறும், அதுவும் மனசு வைத்தால்தான். எங்கள் ஜீப் பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். பெட்ரோல் வண்டி. டிரைவர் கால் பக்கத்தில், தகரத்தில் ஒரு கொக்கி போட்டு, பித்தளை பம்ப் ஒன்று மாட்டியிருந்தது. முழங்கை நீளம் இருக்கும். கைப்பிடியைத் திருப்பி, சைக்கிளுக்குக் காற்று அடிப்பது மாதிரி இழுத்துத் தள்ளினால், நுனி ஓட்டை வழியாக மருந்து பீச்சும். நெருப்பை அணைக்கிற மருந்து. பார்க்கத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். மூடியைத் திறந்தால் ஒரு இனிப்பு நெடி வரும், கிட்டே வைத்து முகர்ந்தால் தலை சுற்றும்.

இப்போது கார் வாங்குகிற பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள், "தீயணைக்கிற சிலிண்டர் ஒண்ணு வண்டியில வெக்கோணுமா, இடத்தை அடைக்குமே" என்று. வைக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் வைத்தால் மட்டும் போதாது. அதற்குத்தான் இந்தக் கதை.

முதலாளிக்கும் எனக்கும் நடந்த சண்டை

முதலாளி நல்ல மனுசன். ஆனால் அந்தப் பம்ப்பைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அது இருக்கிற இடத்தில் இன்னொரு ஆளைச் சாய்த்து உட்கார வைக்கலாம் என்பது அவர் கணக்கு.

"ஏப்பா பழனி, இதென்ன துப்பாக்கியா? யாரைச் சுடப் போற? கழட்டிப் போடு. ஏறுறவனெல்லாம் முட்டி இடிக்குதுங்கறான்."

"இருக்கட்டுமுங்க. நெருப்புப் பத்துனா வேணுமுங்க."

"உன் வாயில நல்லதே வராதா? வண்டி எடுக்கறப்ப சூடம் பத்த வெச்சுத்தான எடுக்கறோம், அது போதாதா?"

"சூடம் சாமிக்குங்க. இது பெட்ரோலுக்குங்க."

அவர் முறைத்தார். நான் கழட்டவில்லை. எனக்கு அதில் பிடிவாதம் வந்ததற்குக் காரணம் உண்டு. ஜீப்புக்கு வருவதற்கு முன்னால் நான் துறையூர்ப் பக்கம் லாரியில் கிளீனராக இருந்தேன். புளியஞ்சோலையில் ஆற்று ஓரமாக மரம் ஏற்ற நிறுத்தியிருந்தபோது இன்ஜினில் நெருப்புப் பிடித்தது. காலடியில் ஆறு ஓடுகிறது. யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? ஆளுக்கொரு குடமாக அள்ளி ஊற்றினோம். பெட்ரோல் தண்ணீர் மேலே மிதந்துகொண்டே எரியும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். ஊற்ற ஊற்ற நெருப்பு கீழே இறங்கி டயருக்குப் போனது. அந்த டிரைவர் அதற்கப்புறம் ஸ்டியரிங் பிடிக்கவே இல்லை, மூட்டை தூக்கப் போனார். எனக்கோ ஸ்டியரிங்கை விட்டால் வேறு பிழைப்பு தெரியாது. அதனால் பம்ப் இருந்தால் ஓட்டுவேன், கழட்டினால் இறங்கிவிடுவேன் என்று முதலாளியிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டேன். மலையில் ஓட்ட வேறு ஆள் கிடைக்காததால் அவர் பொறுத்துக்கொண்டார்.

ஆயுத பூஜை

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நான் மாமனார் ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் வண்டி பளபளவென்று நிற்கிறது. பம்ப்பைப் புளி போட்டு விளக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, சின்ன மாலை கூடப் போட்டிருந்தார்கள். யார் செய்தது என்று கேட்டேன்.

"நாந்தான். நீ இல்லாதப்ப வேற யாரு செய்வா? ஆயுதம்னு வந்தா எல்லாம் ஆயுதந்தான? ஸ்பேனருக்கு வெச்சுட்டு இதுக்கு வெக்காம உட்டா நீ மூஞ்சியத் தூக்கிக்குவ" என்றார் முதலாளி.

எனக்குச் சந்தோஷம் என்றால் அப்படிச் சந்தோஷம். மனுசன் ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன். கொக்கியிலிருந்து எடுத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே தளும்பியது. திரும்ப மாட்டினேன்.

சடையன் விழுந்தது

கொஞ்ச நாள் கழித்து, மலை மேலே திண்ணனூர் நாட்டுப் பக்கம் சாமை ஏற்ற நானும் முதலாளியும் போயிருந்தோம். அங்கே சடையன் என்று ஒரு மலைக்காரர். மிளகுக் கொடி ஏறின மரத்தில் கிளை கழிக்கப் போய், விழுந்து, தொடை எலும்பு முறிந்து கிடந்தார். மூங்கில் தப்பை வைத்துக் கட்டியிருந்தார்கள். ஆள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். ஏற்றிக்கொண்டோம்.

பின்னால் பலகை போட்டுப் படுக்க வைத்தோம். மலை ரோட்டில் குலுங்கினால் எலும்பு குத்தும் என்று, பலகையோடு சேர்த்து மார்பிலும் இடுப்பிலும் கயிறு போட்டு இறுகக் கட்டினார்கள். அவர் சம்சாரம் வெள்ளையம்மா பக்கத்தில் ஒரு மூட்டைச் சாமையோடு ஏறி உட்கார்ந்தது.

"மூட்டை எதுக்கும்மா? பாரம் ஆகுது" என்றார் முதலாளி.

"கீழ சோறே இல்லைங்கறாங்க. இவுருக்கு ஆஸ்பத்திரில ஆரு பொங்கிப் போடுவா? நீங்க போடுவீங்களா?"

முதலாளி மூட்டையை உள்ளே தள்ளி வைத்தார்.

கீழே இறங்குவதற்கு முன்னால் மலை மேலேயே ஒரு செங்குத்தான ஏற்றம் உண்டு. பாதி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. பெட்ரோல் இழுத்துக் கொடுக்கிற பம்ப்பில் உள்ளே இருக்கிற ரப்பர் தாள் கிழிந்துவிட்டது. டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறது, கார்பரேட்டருக்கு வராது. மாற்றுச் சாமான் கையில் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் மலை டிரைவர்கள் எல்லோரும் செய்கிற ஒரு வேலை உண்டு, டின் கட்டி ஓட்டுவது. பானெட்டைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் டின்னை உயரத்தில் பிடித்துக்கொண்டு, ரப்பர் குழாய் வழியாக நேராகக் கார்பரேட்டருக்கு விடுவது. உயரத்திலிருந்து தானாக இறங்கும். ஆபத்துதான். ஆனால் சடையன் முகம் வெளுத்துக்கொண்டு வந்தது.

"முதலாளிங்க, நீங்க மட்கார்டு மேல உக்காந்து டின்னைப் புடிச்சுக்கோங்க. பீடி பத்த வெச்சுராதீங்க."

"நான் என்ன சின்னப் பையனா? ஓட்டு, ஓட்டு."

ஏறினோம். ஏற்றம் முடிய இன்னும் கொஞ்சம்தான். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. குழாய் நழுவியது. பெட்ரோல் சூடான இன்ஜின் மேலே கொட்டியது. 'பொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முன்னால் முழுக்க நெருப்பு.

முதலாளி டின்னோடு கீழே குதித்து, டின்னைப் பள்ளத்தில் வீசினார். அதை மட்டும் அவர் புத்தியாகச் செய்தார். நான் பிரேக்கை இழுத்துவிட்டு, குதிக்கும்போதே பம்ப்பைப் பிடுங்கிக்கொண்டேன். பின்னால் வெள்ளையம்மா கயிற்று முடிச்சை இழுக்கிறது, முடிச்சு வரவில்லை. சடையன் "என்னைய உட்டுட்டு நீ எறங்கு புள்ள" என்கிறார். அது காதிலேயே வாங்கவில்லை.

நான் நெருப்புக்கு முன்னால் நின்று கைப்பிடியைத் திருப்பி அடித்தேன். பீச்சியது. நெருப்பு சீறிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தது. இன்னும் அடித்தேன். நெருப்பு இன்ஜினிலிருந்து வழிந்து டிரைவர் கால் வைக்கிற இடத்துக்கு இறங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, நெடியே இல்லை. கையில் தெறித்ததை நாக்கில் வைத்துப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர்.

"முதலாளிங்க, இதுல என்ன ஊத்துனீங்க?"

"நாத்தமா நாறுச்சுப்பா. பூசைக்கு வெக்கறமேன்னு கீழ ஊத்திட்டு, கெணத்துத் தண்ணி புடிச்சு ரொப்பி வெச்சேன்."

திட்டக்கூட நேரமில்லை. ரோடு ஓரம் மண் அள்ளலாம் என்று குனிந்தால் அந்த இடம் முழுக்கப் பாறையை வெட்டிப் போட்ட ரோடு, ஒரு பிடி மண் கிடையாது. பின்னால் ஓடி வெள்ளையம்மாவிடம், "சாமை மூட்டையத் தள்ளும்மா" என்று கத்தினேன். அது என்னை ஒரு நொடி பார்த்தது. அந்த வருஷத்தில் ஒரு மூட்டைச் சாமை என்றால் என்ன என்று இப்போது இருக்கிறவர்களுக்குத் தெரியாது. அடுத்த நொடி, அப்போதுதான் நினைவு வந்தது போல, இடுப்பில் செருகியிருந்த கொடுவாளை எடுத்து மூட்டை வாயை அறுத்து என் பக்கம் தள்ளிவிட்டது. நானும் முதலாளியும் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கி, அப்படியே கார்பரேட்டர் மேலே கவிழ்த்தோம். சாமை மணல் மாதிரி சரிந்து இண்டு இடுக்கெல்லாம் அடைத்தது. காற்றுப் போகாமல் நெருப்பு மூச்சு முட்டி அடங்கியது. கால் பக்கம் எரிந்ததை வெறும் சாக்கைப் போட்டு மிதித்து அணைத்தோம். திரும்பிப் பார்த்தால் வெள்ளையம்மா அதே கொடுவாளால் கயிறுகளை அறுத்து, புருசனைப் பலகையோடு பாதி வெளியே இழுத்து வைத்திருந்தது.

ரோடெல்லாம் பொரித்த சாமை வாசம். சடையன்தான் முதலில் பேசினார்.

"ஏனுங்க டிரைவரு, வறுத்தது வறுத்தீங்க, கொஞ்சம் உப்பும் போட்டிருக்கலாமில்ல."

மீதி வழியை, அந்தப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் அவரைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டே நடந்து இறங்கினார்கள். கால் கூடிவிட்டது. லேசாக விந்தி நடப்பார். ஆஸ்பத்திரியில் இருந்த வரைக்கும் முதலாளி ஊட்டிலிருந்துதான் அவர்களுக்குச் சோறு போனது.

அதற்கப்புறம்

வண்டியைச் சரிபண்ணி முடித்த அன்றைக்கு முதலாளி பம்ப்பைக் கையில் எடுத்தார்.

"இது இருந்துதான் என்னப்பா கிழிச்சுது? சாமைதான காப்பாத்துச்சு. இனி ஒரு மூட்டைச் சாமையை வெச்சு ஓட்டு."

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"தண்ணி இருந்தா அது செம்புங்க. மருந்து இருந்தாத்தான் பம்ப்பு. மருந்து ரொப்பிக் குடுங்க, ஓட்டறேன். இல்லாட்டி இந்தாங்க சாவி."

சாவியைச் சீட்டின் மேல் வைத்துவிட்டு ஊட்டுக்குப் போய்விட்டேன். சம்சாரம் கேட்டது, "ஒரு பித்தளைக் கொழாய்க்காக வேலைய உட்டுட்டு வருவாங்களா?" என்று. ஒரு மனுசன் நெருப்புக்குப் பக்கத்தில் கட்டுண்டு கிடந்ததை நான் பார்த்துவிட்டேன், இனி அது இல்லாமல் ஆள் ஏற்ற மாட்டேன் என்று சொன்னேன். இரண்டு மூன்று நாள் வண்டி ஓடவில்லை. அப்புறம் ஒரு நாள் முதலாளி சேலத்துக்குப் போய், மருந்து டப்பாவோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். "இந்தா, மோந்து பாத்துக்கோ. அப்பறம் என்னையச் சொல்லாத" என்றார். மோந்து பார்த்தேன். தலை சுற்றியது. சாவியை வாங்கிக்கொண்டேன்.

சடையன் குணமாகி மலைக்குத் திரும்பியதும் எங்கள் ஜீப்பில்தான். ஏறுவதற்கு முன்னால், ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஏறுங்க, நேரமாவுது" என்றேன்.

"மொதல்ல ஒரு பீச்சு பீச்சிக் காட்டுங்க. மருந்தா தண்ணியான்னு பாத்துட்டு ஏறிக்கறேன்."

ரோட்டில் பீச்சிக் காட்டினேன். நெடி வந்தது. தலையாட்டிவிட்டு ஏறினார். அதைப் பார்த்த மற்ற மலைக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். பம்ப்பைக் காட்டாமல் எங்கள் வண்டியில் ஒருத்தரும் ஏற மாட்டார்கள் என்றாகிவிட்டது. பீச்சிப் பீச்சியே மருந்து தீர்ந்துவிடுகிறது என்று முதலாளி புலம்புவார், ஆனால் வாங்கிக் கொடுத்துவிடுவார்.

அந்த மருந்து இப்போது கிடையாது. அதன் புகை உடம்புக்கு விஷம் என்று நிறுத்திவிட்டார்கள். இப்போது வருவது தூள் அடைத்த சிவப்பு சிலிண்டர். முள் இருக்கிறது, பச்சையில் நிற்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். டிக்கியில் போட்டுச் சாமானை மேலே அடுக்காதீர்கள், உட்கார்ந்தபடி கை எட்டுகிற இடத்தில் மாட்டுங்கள். நெருப்பு பெரிசாகிவிட்டால் வண்டியை விட்டுவிடுங்கள், ஆளை இறக்குங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையும் நம்பிக் கிளம்பாதீர்கள். நீங்கள் நாளைக்கு வண்டியை விற்றாலும், வேறு ஆளிடம் ஓட்டக் கொடுத்தாலும், சாவியைக் கையில் கொடுக்கும்போதே சிலிண்டரையும் எடுத்துக் காட்டி, முள்ளைப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். அவரையும் அடுத்தவருக்கு அப்படியே சொல்லச் சொல்லுங்கள்.